வெள்ளைப் பிள்ளையும் வினைப்பயனும்

கறுத்த தாய்க்கும் கறுத்த தகப்பனுக்கும் ஒரு குழந்தை, பால்போல் வெளுத்த தோலும், பஞ்சுபோல் வெளுத்த மயிரும், வெளிச்சத்தைக் கண்டால் கூசுகின்ற கண்ணுமாகப் பிறந்துவிட்டால் போதும். அக்குழந்தை முதல் அழுகையை அழுது முடிப்பதற்குள்ளாகவே, அதற்குக் காரணம் சொல்ல ஊரில் பலபேர் கிளம்பிவிடுகிறார்கள். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், அதனால்தான் என்கிறார் சோதிடர். குலதெய்வத்துக்கு நேர்ந்த ஆட்டை வெட்டாமல் விட்டீர்கள், அதனால்தான் என்கிறார் பூசாரி. பிள்ளையின் தாத்தன் நல்ல பாம்பை அடித்தான், அதனால்தான் என்கிறாள் பக்கத்து வீட்டுக் கிழவி. எல்லாம் முன் ஜென்ம வினை, யாரால் தடுக்க முடியும் என்கிறார் கதாகாலட்சேபக்காரர். இவர்கள் எல்லோரையும்விட இழிவான ஒரு கூட்டம் இருக்கிறது. அது வாய்திறந்து ஒன்றும் சொல்லாமல், பிள்ளை பெற்றவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரிக்கிறது.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களுக்கு மட்டும் உரிய பேச்சல்ல இது. தமிழ்நாடு எங்கும் உள்ள பேச்சுத்தான். ஆனாலும் இவ்வட்டாரத்துத் தோழர்களை முன்வைத்தே இதை எழுதுகிறோம். ஏனெனில் இந்த மடமைக்குப் பதில் சொல்லும் சாட்சிகள் இவ்வட்டாரத்து மண்ணிலேயே கிடக்கின்றன.

முதலில் ஒரு கேள்வி. ஒரே சங்கதிக்கு ஐந்துபேர் ஐந்து காரணம் சொன்னால் அதன் பொருள் என்ன? கிரகணம் காரணமானால் பாம்பு காரணமல்ல. பாம்பு காரணமானால் ஆடு காரணமல்ல. முன் ஜென்மம் காரணமானால் இம்மூன்றுமே காரணமல்ல. அப்படியிருந்தும் இந்த ஐவரும் ஒருவரையொருவர் மறுப்பதில்லை; ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். ஏனென்றால் ஐவருக்கும் உண்மை தெரியாது என்பது ஐவருக்குமே தெரியும். கிரகணத்தன்று வெளியே போன கர்ப்பிணிகள் லட்சக்கணக்கில் இருக்க, அவர்கள் பிள்ளைகளெல்லாம் ஏன் வெளுத்துப் பிறக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு சமாதானமும் வராது, கோபம்தான் வரும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிள்ளை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்று மருமகளுக்குப் பாலில் குங்குமப்பூவைக் கரைத்துக் கொடுப்பவர்கள் நம்மவர்களே. பெண் பார்க்கப் போனால் நிறம் மட்டு என்று முகம் சுளிப்பவர்களும் நம்மவர்களே. வெள்ளைத் தோலுக்கு இவ்வளவு ஆசைப்படுகிற சமூகம், உண்மையிலேயே ஒரு பிள்ளை வெள்ளையாகப் பிறந்துவிட்டால் அதைத் தூக்கிக் கொஞ்சாமல் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. சயாமிலும் பர்மாவிலும் வெள்ளை யானை அகப்பட்டால் அதை ராஜபோகத்தோடு அரண்மனையில் கட்டி மரியாதை செய்தார்கள். நம் புராணத்திலும் இந்திரனுக்கு வாகனம் வெள்ளை யானைதான். யானை வெளுத்தால் தெய்வாம்சம், மனிதப்பிள்ளை வெளுத்தால் தெய்வ குற்றம் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

இது நிற்க. உண்மைக் காரணம் இன்னதென்று பார்ப்போம்.

இந்த நிலைமைக்கு ஆல்பினிசம் என்று பெயர். நம் தோலுக்கும், மயிருக்கும், கண்ணின் கருவிழிக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்னும் ஒரு சாயம். இச்சாயத்தை வெளியிலிருந்து யாரும் பூசுவதில்லை. உடம்பிலுள்ள சில நுண்ணிய அணுக்களே அதைத் தயாரிக்கின்றன. டைரோசின் என்ற ஒரு பொருளை எடுத்து, டைரோசினேஸ் என்ற நொதியைக் கொண்டு, படிப்படியாக மாற்றி மெலனினாக்குகின்றன. அந்த நொதியோ, அந்த வேலைக்கு வேண்டிய வேறொரு பொருளோ உடம்பில் சரியாக உண்டாகாவிட்டால் சாயம் உண்டாகாது, அல்லது மிகக் குறைவாகவே உண்டாகும். அவ்வளவுதான் சங்கதி. இதில் தேவதைக்கும் வேலையில்லை, பிசாசுக்கும் வேலையில்லை.

இது தொத்து வியாதியல்ல. தொட்டாலும், கூட உண்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் வராது. இது குஷ்டமும் அல்ல; பிறந்தபின் உடம்பில் அங்கங்கே திட்டுத்திட்டாக நிறம் மாறுகிறதே, அந்த வெண்புள்ளியும் அல்ல. பிறக்கும்போதே இருந்து, சாகும்வரை இருப்பது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மற்றப் பிள்ளைகளைப்போலவே இப்பிள்ளையும் படிக்கும், சம்பாதிக்கும், குடும்பம் நடத்தும்.

அப்படியானால் பெற்றோர் இருவரும் கறுப்பாயிருக்க, பிள்ளை மட்டும் வெளுப்பது எப்படி? இதைத்தான் நம் மக்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடம்பு செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் செய்முறை எழுதிய ஒரு சீட்டு இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அதைத்தான் மரபணு என்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொருவரிடத்திலும் இரண்டு சீட்டுகள் உண்டு. ஒன்று தாய் கொடுத்தது, மற்றொன்று தகப்பன் கொடுத்தது. சாயம் செய்யும் சீட்டு இரண்டில் ஒன்று எழுத்துப் பிழையோடிருந்தாலும் மற்றொன்று சரியாயிருந்தால் போதும், சாயம் உண்டாகிவிடும். அப்படிப்பட்டவர் நம்மைப்போலவே கறுப்பாயிருப்பார். தன்னிடம் ஒரு பிழைச்சீட்டு இருப்பது அவருக்கே தெரியாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுத்த கணக்குப்படி சுமார் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் ஆல்பினிசத்தோடு பிறக்கிறார். ஆனால் சுமார் 70 பேருக்கு ஒருவர் இந்தப் பிழைச்சீட்டை மறைவாகச் சுமந்துகொண்டிருக்கிறார். அதாவது ஒரு கலியாணப் பந்தலில் 300 பேர் உட்கார்ந்திருந்தால், அதில் நாலுபேராவது இப்படிப்பட்டவராயிருக்கக் கூடும்.

மறைவாகச் சுமக்கும் ஆணும் மறைவாகச் சுமக்கும் பெண்ணும் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரும் தத்தம் சீட்டு இரண்டில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். எதைக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டமல்ல. இரண்டு காசுகளைச் சுண்டிப் போடுவது போன்றது அது. இரண்டும் தலையாக விழுவதற்கு நாலில் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டல்லவா? அதுபோலவே இருவரும் பிழைச்சீட்டையே கொடுத்துவிட நாலில் ஒரு பங்கு சந்தர்ப்பம் உண்டு. அந்தப் பிள்ளைதான் வெளுத்துப் பிறக்கிறது. இதிலிருந்து, முதற்பிள்ளை இப்படிப் பிறந்துவிட்டால் அடுத்த மூன்றும் நிச்சயமாகக் கறுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. காசுக்கு முன்பு விழுந்தது ஞாபகம் இராது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே நாலில் ஒன்றுதான்.

இப்போது பெற்றவளைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தைக் கேட்கிறோம். இப்படி வெளுத்த பிள்ளை பிறக்கத் தாயின் சீட்டு மட்டும் போதாது. தகப்பனின் சீட்டும் வேண்டும். பாதி அவளுடையது என்றால் பாதி அவனுடையது. அப்படியிருக்க, மனைவியைச் சந்தேகித்து அவளைப் பிறந்தகத்துக்குத் துரத்துகிற கணவன், தன் முன்னோரிடமிருந்து தான் வாங்கி வைத்திருந்த சீட்டைத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அதற்குரிய தண்டனையைப் பெண்ணுக்குக் கொடுக்கிறான். கண்ணை மட்டும் பாதிக்கும் ஒருவகை ஆல்பினிசம் உண்டு; அது தாய் வழியாகப் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வருவது; அதில் தோல் வெளுப்பது பெரிதாகத் தெரியாது. தோலும் மயிரும் கண்ணும் சேர்ந்து வெளுக்கிற வகையில் இருவருக்கும் சமபங்கே. ஆகவே இதில் எவர்மீதும் குற்றமில்லை. குற்றம் என்று சொல்லித்தான் தீரவேண்டுமானால் ஆணுக்கும் பாதி எழுதுங்கள்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், நம் கண்ணால் பார்க்க முடியுமா என்று ஒரு குடியானவர் கேட்கலாம். பார்க்கலாம். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மல்லாட்டை பயிரிடுகிறவர்கள் டி.எம்.வி.7 என்ற ரகத்தை அறிவார்கள். அந்த டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தின் பெயர்தான். மந்திரம் ஓதியா அங்கே புது ரகம் உண்டாக்குகிறார்கள்? இச்செடியின் மகரந்தத்தை அச்செடியின் பூவில் சேர்த்து, எந்தக் குணம் எந்தத் தலைமுறையில் மறைகிறது, எந்தத் தலைமுறையில் வெளிப்படுகிறது என்று எண்ணிக் கணக்கெடுத்தே உண்டாக்குகிறார்கள். அப்படிக் கலப்புச் செய்த மல்லாட்டையின் வழிவந்த விதைகளில், பச்சையே இல்லாத வெள்ளை நாற்றுகள் சில முளைத்துச் சில நாளில் வாடிப்போவதுண்டு. நெல் நாற்றங்காலிலும் வெள்ளை நாற்று முளைப்பதுண்டு. பயிரின் பச்சை வேறு சாயம், மனிதனின் கறுமை வேறு சாயம். ஆனால் இரண்டிலும் மறைந்திருந்த குணம் வெளிப்படும் விதம் ஒன்றே. அந்த மல்லாட்டைச் செடி எந்தக் கிரகணத்தைப் பார்த்தது? எந்தப் பாம்பை அடித்தது?

இந்தக் கணக்கை முதலில் கண்டவர் மெண்டல் என்ற ஒரு கிறிஸ்தவ மடத்துத் துறவி. அவர் 1866இல் பட்டாணிச் செடிகளை வைத்து எழுதியதை உலகம் 1900வரை கவனிக்கவில்லை. அதன்பின், இங்கிலாந்தில் காரட் என்ற வைத்தியர், பிறவியிலேயே உடம்பின் ரசாயன வேலையில் ஏற்படும் பிழைகள் சிலவற்றைப் பற்றி 1908இல் சொற்பொழிவுகள் செய்தபோது ஆல்பினிசத்தையும் அவற்றில் ஒன்றாகச் சேர்த்தார். நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. இன்று எந்த மரபணுவில், எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதுவரை சோதித்துச் சொல்லுகிறார்கள். நம் சோதிடரோ இன்னும் ராகு கேதுவை விட்டு இறங்கவில்லை.

வினைப்பயன் என்பவர்களுக்கு இரண்டு கேள்விகள். காகத்திலும், எருமையிலும், மீனிலும், எலியிலும் ஆல்பினிசம் உண்டு. எலி முன் ஜென்மத்தில் யாருக்கு என்ன துரோகம் செய்தது? இரண்டாவது, ஆல்பினிசம் ஒரே மரபணுவால் வருவதல்ல. வெவ்வேறு மரபணுக்களால் வரும் பல வகைகள் உண்டு. ஒருவகை ஆல்பினிசமுள்ள ஆணும் வேறுவகை ஆல்பினிசமுள்ள பெண்ணும் மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் நம்மைப்போல் நிறத்தோடே பிறக்கக் கூடும். அவனிடம் கெட்டிருக்கும் சீட்டு அவளிடம் நன்றாயிருக்கிறது. அவளிடம் கெட்டது அவனிடம் நன்றாயிருக்கிறது. பாவியும் பாவியும் சேர்ந்தால் புண்ணியவான் பிறப்பான் என்று எந்தச் சாஸ்திரத்திலாவது எழுதியிருக்கிறதா?

இங்கே நம் கலியாண முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவதும், சொத்து வெளியே போகக் கூடாது, சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று செய்யப்படுகின்றன. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 கலியாணங்கள் இரத்த சொந்தத்துக்குள் நடந்தவை. இந்தியா முழுவதற்கும் எடுத்தால் சுமார் 11தான். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பிழைச்சீட்டை இருவரும் வாங்கியிருக்க இடமுண்டாகையால், அவர்கள் பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்துவிடுவது எளிது. 17,000இல் ஒன்று என்ற விகிதத்தையும் ஒரே மரபணுவையும் வைத்துக் கணக்குப் போட்டால், மாமன் மகளைக் கட்டியவர் பிள்ளைக்கு அது சுமார் 1,850இல் ஒன்றாகிறது. அக்காள் மகளைக் கட்டியவர் பிள்ளைக்குச் சுமார் 1,000இல் ஒன்றாகிறது. அப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப்பெரும்பாலோர் நிறத்தோடுதான் பிறக்கிறார்கள். சொந்தமில்லாதவர் கட்டிக்கொண்டாலும் சிலசமயம் இது வருகிறது. ஆகவே சொந்தத்தில் கட்டிய தம்பதிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. இனிமேல் கட்டப்போகிறவர்கள் யோசிப்பதற்காகச் சொல்லுகிறோம்.

சாதிக்கும் இதில் பங்குண்டு. கொல்கத்தாவிலுள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, நம் நாட்டின் வெவ்வேறு கூட்டத்தாரிடையே காணப்படும் முதல்வகை ஆல்பினிசம் பெரும்பாலும் அந்தந்தக் கூட்டத்தின் பழைய முன்னோரிடமிருந்து இறங்கிவந்த பிழைகளால் உண்டாவது என்று காட்டியது. வேலிபோட்டுக்கொண்டு வேலிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், வேலிக்குள் புகுந்த பிழை வெளியேற வழியேது? இரத்த சுத்தம் என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தச் சுத்தத்தின் கணக்குப் புத்தகத்தில் இதுவும் ஒரு செலவு என்பதை அறியவேண்டும்.

வானூர் வட்டத்துத் திருவக்கரைக்குப் போனவர்கள் அங்கே கல்லாய்க் கிடக்கும் பெரிய மரங்களைப் பார்த்திருப்பார்கள். அவை வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று வெகுகாலம் கதை சொல்லப்பட்டது. பூகோள சாஸ்திரிகள் வந்து சோதித்து, அவை சுமார் இரண்டு கோடி வருஷங்களுக்குமுன் மண்ணுக்குள் புதைந்து கல்லான மரங்களே என்று காட்டினார்கள். இன்று அரசாங்கம் அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக வைத்துக் காக்கிறது. கல்லைப் பற்றிய பொய்க்கதையால் கல்லுக்கு நஷ்டமில்லை. பிள்ளையைப் பற்றிய பொய்க்கதையால் பிள்ளைக்குப் பெரும் நஷ்டம் உண்டு.

அந்த நஷ்டம் எதுவரை போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியாவே சாட்சி. ஆல்பினிசமுள்ளவரின் கையும் காலும் மந்திரத்துக்கு உதவும், பணத்தைக் கொண்டுவரும் என்று மந்திரவாதிகள் சொன்னதை நம்பி அங்கே குழந்தைகள் உட்படப் பலர் வெட்டப்பட்டார்கள்; கொல்லப்பட்டார்கள். 2015இல் அந்த அரசாங்கம் மந்திரவாதிகளின் தொழிலையே தடை செய்யவேண்டி வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2014இல் தீர்மானம் செய்து, ஒவ்வொரு வருஷமும் ஜூன் 13ஆம் நாளை ஆல்பினிசத்தைப் பற்றிய விழிப்புணர்வுக்கென ஒதுக்கியது. நம் நாட்டில் அப்படி வெட்டவில்லையே என்று மார்தட்ட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து துரத்துவதும், வேலை கொடுக்காதிருப்பதும், கலியாணத்தில் ஒதுக்குவதும் ஆயுதமில்லாமல் வெட்டுவதே.

இனிச் செய்யவேண்டியது என்ன?

முதலில் கண். மெலனின் குறைவதால் விழித்திரையின் மையம் சரியாக வளர்வதில்லை; கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் மாறிப் போகின்றன. அதனால் பார்வை மங்கலாயிருக்கும், கண்மணி அலைந்துகொண்டேயிருக்கும், வெளிச்சம் கூசும். கண்ணாடி போட்டால் ஓரளவு தெளியும், முழுதும் சரியாகாது. இதை அறியாத உபாத்தியாயர், கரும்பலகையைப் பார்த்து எழுதாத பிள்ளையை மக்கு என்று கடைசி வரிசையில் உட்காரவைக்கிறார். அப்பிள்ளையை முன் வரிசையில், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாத இடத்தில் உட்காரவையுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்டதையும் பூதக்கண்ணாடியையும் கொடுங்கள். பிறகு யார் மக்கு என்று பார்ப்போம்.

இரண்டாவது தோல். வெயிலைத் தாங்கும் குடைதான் மெலனின். அது இல்லாதவருக்குக் கத்திரி வெயில் என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. தோல் வெந்து கொப்பளிக்கும்; வருஷக்கணக்கில் வெயில் பட்டால் தோலில் புற்றுநோய் வரும். ஆகையால் மல்லாட்டைக் கொல்லையிலும் மரக்காணம் உப்பளத்திலும் உச்சிவெயிலில் இவர்களை வேலைசெய்ய விடக்கூடாது. முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, குடை, கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புப் பூச்சு இவை வேண்டும். ஆறாத புண்ணோ புதிய கட்டியோ தோன்றினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். லேசாக அடிபட்டாலும் இரத்தம் கன்றிப்போனாலோ, இரத்தம் எளிதில் நிற்காவிட்டாலோ அதையும் சொல்லவேண்டும். இரத்தக் கசிவோடு கூடிய அபூர்வமான ஒருவகையும் உண்டு. கென்யா தேசத்தில் அரசாங்கமே இவர்களுக்கு வெயில் பூச்சை இலவசமாகக் கொடுக்கிறது. நம் அரசாங்கமும் கொடுக்க வேண்டுமென்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

மூன்றாவது சட்டம். 2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆல்பினிசமுள்ளவரில் பலர் கண்ணாடி போட்ட பிறகும் அந்த அளவுக்குள் வருகிறவர்கள். குறைபாடு நூற்றுக்கு 40க்குக் குறையாது என்று சான்று பெற்றால் 18 வயதுவரை இலவசக் கல்வியும், உயர்கல்வியில் ஒதுக்கீடும், சர்க்கார் உத்தியோகத்தில் ஒதுக்கீடும் கேட்கலாம். பரீட்சையில் கூடுதல் நேரமும், எழுத ஆளும் கேட்கலாம். இது பிச்சையல்ல, சட்டம் கொடுத்த உரிமை. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. தோஷம் கழிக்க ஊர் ஊராய்ப் போகிற பஸ் கட்டணத்தில் பாதி போதும், இவ்விடங்களுக்குப் போய்வர.

நிறத்தை வரவழைக்கிறேன் என்று லேகியமும் எண்ணெயும் விற்பவன் வந்தால் நம்பாதீர்கள். தாயத்துக்கட்டியும் அவனும் ஒரே ஜாதி. இந்நிலைமையை மாற்றும் மருந்து எதுவும் இன்று வைத்தியத்தில் இல்லை. மாற்றவேண்டிய அவசியமும் இல்லை. மாறவேண்டியது பார்க்கிறவர்களின் புத்திதான்.

தோழர்களே! உங்கள் ஊரில் அப்படியொரு பிள்ளை இருந்தால், பட்டப்பெயர் வைத்து அழைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அதன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அதன் தாயிடம் போய், இது உன் குற்றமல்ல அம்மா என்று நாலுபேர் அறியச் சொல்லுங்கள். தகப்பனிடம் இரண்டு சீட்டின் கணக்கைச் சொல்லுங்கள். பரிகாரத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு தொப்பியும் ஒரு கண்ணாடியும் வாங்கிக்கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்து முன் வரிசையில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே.